ஓட்டமும் ஏடும்: தமிழகச் சூழலில் ஓடுவோரின் காலப்பதிவு குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஓடுவோரின் தொலைவு, நேரம், உடல்நிலை ஆகியவற்றைக் குறித்துவைக்கும் வழக்கம் இன்று கைக்கடிகாரச் செயலிகளின் புதுமையாகக் கருதப்படுகிறது. ஆனால் அதற்கு அஞ்சல் ஓட்டர் காலத்துக்கு முற்பட்ட ஒரு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் கருவிகள் மாறியதைவிட, எழுதும் உரிமை கைமாறியதே முதன்மையான நிகழ்வு என்பது இக்கட்டுரையின் கருத்து. முதலில் ஓட்டரை ஏவியவர் எழுதினார். பின்னர் பயிற்றுநர் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் ஓடுபவரே எழுதினார். இப்போது அந்த ஏடு மீண்டும் பிறர் வசம் செல்கிறது. இம்மாற்றம் விருதுநகர் மாவட்டத் திருத்தங்கல், சிவகாசி வட்டாரச் சூழலை முன்வைத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அஞ்சல் ஓட்டர், வழிச்சீட்டு, நிறுத்துக் கடிகாரம், நாட்குறிப்பு, பயிற்சிக் குறிப்பேடு, தரவுரிமை

முன்னுரை

தென்மாவட்டங்களின் பள்ளித் திடல்களில் விடியற்காலையில் ஓடுவோருள் பெரும்பாலோர் பதக்கத்திற்காக ஓடுவதில்லை; பணிக்காக ஓடுகின்றனர். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள்ளும் கடக்க வேண்டும். இராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடிப்பவர்க்கே முழு மதிப்பெண் கிடைக்கும். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் தொழிலாக உள்ள திருத்தங்கல், சிவகாசி வட்டாரமும் இதற்கு விலக்கன்று. 200 மீட்டர் சுற்றளவுள்ள திடலில் 1500 மீட்டர் என்பது ஏழரைச் சுற்று. சுற்று ஒன்றுக்கு 56 விநாடி. இந்த எண்ணை மனத்திற்கொண்டு ஓடும் இளைஞர் தமது முன்னேற்றத்தைத் திறன்பேசியிலோ பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலோ எழுதிவைக்கிறார். விளையாட்டு வரலாறு எழுதுவோர் இந்தக் கடைசிப் பக்கத்தைச் சான்றாகக் கருதுவதில்லை. போட்டி முடிவுகளும் சாதனைப் பட்டியல்களுமே அவர்களுக்குச் சான்றாகின்றன.

அவ்வாறு ஒதுக்கப்பட்ட சான்று வகையின் வரலாற்றை வகுத்துரைப்பதே இங்கு நோக்கம். ஓட்டப் பதிவு எனும்போது மூன்று கூறுகள் கருதப்படுகின்றன: ஓடிய தொலைவு, எடுத்துக்கொண்ட நேரம், ஓடியவரின் நிலை. முதலிரண்டும் எளிதில் எண்ணாகும். மூன்றாவதை ஓடியவரே சொல்ல வேண்டும். ஆகவே ஒரு பதிவில் மூன்றாவது கூறு இடம்பெற்றுள்ளதா என்பதைக் கொண்டே, அதை எழுதியவர் யார் என்பதை ஓரளவு உய்த்துணரலாம்.

அஞ்சல் ஓட்டரும் வழிச்சீட்டும்

பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த இபின் பதூதா, தில்லி சுல்தானியத்தின் அஞ்சல் முறையை வியந்து எழுதியுள்ளார். குதிரை அஞ்சலினும் கால் அஞ்சல் விரைவானது என்பது அவர் கூற்று. ஒரு மைல் தொலைவு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஓட்டர்கள் காத்திருந்தனர். ஓடி வருபவரின் ஒரு கையில் மடலும், மறுகையில் செப்பு மணிகள் கட்டிய இரண்டு முழக் கோலும் இருக்கும். மணியொலி கேட்டதும் அடுத்தவர் ஆயத்தமாவார். மதுரைச் சுல்தானின் அவையிலும் தங்கிச் சென்ற இப்பயணி தரும் செய்தியில் ஒன்று நோக்கத்தக்கது. மடல் எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்பது சொல்லப்படுகிறது. ஓட்டர் எவரும் பெயர் பெறவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்முறை அலுவலக ஒழுங்கிற்குள் வந்தது. 1786இல் சென்னையில் பொது அஞ்சல் நிலையம் தொடங்கப்பட்டது. 1837, 1854ஆம் ஆண்டுச் சட்டங்கள் அஞ்சலை அரசின் தனியுரிமையாகவும் சீரான கட்டணமுடைய பொதுப்பணியாகவும் ஆக்கின. சாலை வழிகள் கட்டம் கட்டமாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓட்டர் அமர்த்தப்பட்டார். பையுடன் சென்ற வழிச்சீட்டில், நிலையங்களில் பை வந்த நேரமும் புறப்பட்ட நேரமும் குறிக்கப்பட்டன. ஓடுவோரின் வேகம் நாள்தோறும் தாளில் பதியப்பட்ட தொடக்ககால வடிவங்களுள் ஒன்றாக இவ்வழிச்சீட்டைக் கொள்ளலாம். தொலைவு தெரிந்தது, நேரம் எழுதப்பட்டது, வேகம் வகுத்தலில் கிடைத்தது. ஆனால் அதைக் கணக்கிட்டவர் ஓட்டர் அல்லர். தாமதத்திற்கு விளக்கம் கேட்பதற்காகவே அச்சீட்டு இருந்தது. மழையும் ஆற்றுப்பெருக்கும் காய்ச்சலும் அதில் ஏறினாலும், அவை தாமதத்தின் காரணமாக மட்டுமே ஏறின.

மேற்கு மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் அரசு தனக்கென ஓர் அஞ்சல் துறையை நடத்திவந்தது. 1951இல் அது இந்திய அஞ்சல் துறையுடன் இணைந்தது. 1956 வரை செங்கோட்டைப் பகுதியும் திருவிதாங்கூர் நிலப்பரப்பைச் சேர்ந்ததே. எனவே இன்றைய தமிழக எல்லைக்குள்ளேயே தபால் ஓட்டர், அஞ்சல் ஓட்டர் என இரு துறைகளின் ஓட்டர்கள் பணியாற்றினர். இன்று தமிழில் துறையின் பெயராகவே நிலைத்துவிட்ட ‘அஞ்சல்’ என்னும் சொல், மணிகட்டிய கோலுடன் ஓடியவர்களை நினைவூட்டுவது.

திருத்தங்கல் வழிச்செல்வோருக்குப் பழகிய ஊர். சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் பராசரன் என்னும் பார்ப்பனன் பயணத்தின் இடையே தங்கும் ஊராகத் தங்கால் வருவது அறிஞர் அறிந்ததே. 1927இல் விருதுநகர், தென்காசி இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது இவ்வூர் அதன் நிலையங்களுள் ஒன்றாயிற்று. இருப்புப்பாதை வந்த இடங்களில் எல்லாம் ஓட்டர் கிளைவழிகளுக்கு ஒதுங்கினார். முதன்மை வழியின் காலப்பதிவு நிலைய அதிகாரியின் ஏட்டிற்குச் சென்றது.

நிறுத்துக் கடிகாரம்

ஓடுவதே குறிக்கோளாகிய ஓட்டம், அதாவது தடகளம், சென்னை மாகாணத்தில் கல்வி நிறுவனங்கள் வழியே பரவியது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இவ்வகையில் திருப்புமுனையாகும். அளந்து கட்டிய ஓடுதளம், விதிநூல், நேரம் குறிப்போர் என்னும் மூன்றையும் அங்குப் பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் மாவட்டப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றனர்.

1924இல் பாரிசு ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகப் பக் இருந்தார். அதே போட்டியில் பின்லாந்தின் பாவோ நூர்மி ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றார். 1500 மீட்டர் இறுதிப்போட்டியில் அவர் கையில் நிறுத்துக் கடிகாரத்துடன் ஓடினார். கடைசிச் சுற்றை எட்டியதும் அதைப் புல்வெளியில் எறிந்துவிட்டு ஓட்டத்தை முடித்தார். இதை ஒரு வீரரின் தனிப்பழக்கமாக மட்டும் காண்பது போதாது. அதுவரை கடிகாரம் கோட்டருகே நின்றவரிடம் இருந்தது. ஓடுபவர் கையில் அது ஏறியதும், போட்டியாளரைவிடத் தம் முந்தைய நேரத்தோடு போட்டியிடும் முறை வடிவம் பெற்றது. பயிற்சிக் குறிப்பேட்டின் தேவையும் அங்கிருந்தே எழுகிறது.

எனினும் கடிகாரம் தரும் எண்ணை இயற்கையின் எண்ணாகக் கொள்வதில் இடர் உண்டு. 1960 உரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்த மில்கா சிங்கின் நேரம் கைக்கடிகாரத்தில் 45.6 விநாடி, தானியங்கிக் கருவியில் 45.73 விநாடி. 1998இல் பரம்ஜீத் சிங் 45.70 விநாடியில் ஓடியபோது, பழைய சாதனை முறியடிக்கப்பட்டதா என்னும் வினா சர்ச்சையாயிற்று. எந்த ஏட்டை ஏற்பது என்பதைப் பொறுத்தே விடை அமைந்தது. ஓடியவர் ஒருவர், ஓட்டமும் ஒன்று, பதிவுகள் இரண்டு.

பள்ளித் திடலில் இத்தகைய வேறுபாடு இன்னும் பெரிது. விளிம்புக்கட்டை உள்ள ஓடுதளத்தில் தொலைவு அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், சுண்ணக்கோடு மட்டும் உள்ள தளத்தில் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளக்கப்படுகிறது. அவ்வளவைக் கோட்டிற்கு ஒரு மீட்டர் வெளியே ஓடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 6.3 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார். ஏழரைச் சுற்றில் அது 47 மீட்டர். ஏழு நிமிட வேகத்தில் ஓடுபவர்க்கு 13 விநாடி. கூட்டமாக ஓடும்போது வெளிப்புறத்தில் ஓடநேர்ந்த ஒருவர் தம் குறிப்பேட்டில் ‘7.10’ என எழுதித் தம்மைத் தகுதியற்றவராகக் கருதிக்கொள்ளக்கூடும். எழுதியது பிழையன்று, எழுதாமல் விட்டதே பிழை.

நாளுக்கொரு பக்கம்

தமிழில் நாட்குறிப்பு என்றதும் நினைவிற்கு வருவது ஆனந்தரங்கப் பிள்ளையின் 1736 முதல் 1761 வரையிலான பதிவுகள். வணிகச் செய்தி, கப்பல் வரவு, அரசியல் பேச்சு ஆகியவற்றுடன் நாளும் பொழுதும் குறித்து எழுதும் ஒழுங்கு அதில் காணப்படுகிறது. அது கணக்கரின் மரபிலிருந்து வந்த ஒழுங்கு. அச்சிட்ட தேதியுடன் நாளுக்கொரு பக்கம் கொண்ட நாட்குறிப்பேடு பெருவழக்கானது மிகப் பிற்காலத்தில். அதற்கு அச்சுத்தொழில் வளர வேண்டியிருந்தது.

இங்குச் சிவகாசி வட்டாரம் நேரடியாகத் தொடர்புறுகிறது. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சியால் இங்குத் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. அதற்கு முகப்புத்தாள் வேண்டியிருந்தது. முகப்புத்தாளுக்காக வந்த அச்சு எந்திரங்கள் பின்னர் நாட்காட்டி, நாட்குறிப்பேடு, பள்ளிக் குறிப்பேடு ஆகியவற்றை நாடெங்கும் அனுப்பின. ஆண்டு முடிவில் கடைக்காரர் வாடிக்கையாளருக்குத் தரும் நாட்குறிப்பேட்டில் வரவு செலவு எழுதியவரும் உண்டு. காலை ஓட்டத்தை எழுதியவரும் உண்டு.

அச்சிட்ட பக்கம் நடுநிலையான பொருள் அன்று. வெற்றிடமாக விடப்பட்ட நாள் கண்ணில் உறுத்துகிறது. பிரித்தானிய நெடுந்தொலைவு ஓட்டர் ரான் ஹில் இதற்குத் தலைசிறந்த சான்று. 1970 பாஸ்டன் மாரத்தானை 2 மணி 10 நிமிடம் 30 விநாடியில் வென்ற அவர், 1964 டிசம்பர் முதல் 2017 சனவரி வரை 52 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாளும் விடாமல், நாளுக்கு ஒரு மைலேனும் ஓடி அவற்றைக் குறித்துவைத்தார். சாலை விபத்தில் அடிபட்ட பின்னும், காலில் அறுவை செய்துகொண்ட பின்னும் அவ்வரிசை அறுபடவில்லை. இது உடற்பயிற்சியின் தேவையா, ஏட்டின் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. அதுபோலவே ‘வாரத்திற்கு இத்தனை கிலோமீட்டர்’ என்னும் அலகும் ஏட்டிலிருந்து வந்ததே. உடலின் களைப்பும் மீட்சியும் ஏழு நாள் கணக்கில் இயங்குவதில்லை, நாட்காட்டி இயங்குகிறது.

மூன்றாவது கூறாகிய உடல்நிலை எண்ணாக மாறியதும் இக்காலத்தில்தான். 1930களில் செருமனியில் வோல்டெமார் கெர்ஷ்லரும் மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் இடைவெளிப் பயிற்சி முறையை இதயத் துடிப்பின் அடிப்படையில் வகுத்தனர். ஓட்டத்தில் நிமிடத்திற்கு 180 வரை ஏறிய துடிப்பு, 90 விநாடிக்குள் ஏறத்தாழ 120க்கு இறங்க வேண்டும். இறங்காவிடில் அன்றைய பயிற்சி மிகை. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். விரலை மணிக்கட்டில் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் எளிய முறை இத்தகைய ஆய்வுகளின் வழியே பயிற்றுநரிடம் பரவியது. சித்த மருத்துவத்தின் நாடி பார்த்தலோடு இதை ஒப்பிடும் போக்கு அவ்வப்போது காணப்படுகிறது. அது பொருந்தாது. நாடி பார்ப்பவர் துடிப்பின் தன்மையை உணர்கிறார். பயிற்றுநர் அதன் எண்ணிக்கையை எழுதுகிறார்.

இந்தியாவில் 1961இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கியபின், பயிற்றுநர் என்பது முறையான கல்வி பெற்ற தொழிலாயிற்று. திட்டம் தீட்டுவதும் நிறைவேறியதைக் குறிப்பதும் அக்கல்வியின் பகுதி. இலியாஸ் பாபரின் மாணவரான ஸ்ரீராம் சிங் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் முதல் சுற்றை முன்னின்று ஓடி, 1 நிமிடம் 45.77 விநாடியில் முடித்தார். அந்தத் தேசிய சாதனை 2018 வரை நிலைத்தது. 42 ஆண்டுகளில் ஓடுதளமும் காலணியும் உணவும் மாறின. அந்த எண் மாறவில்லை. அந்த எண்ணை உண்டாக்கிய பல்லாயிரம் பயிற்சிச் சுற்றுகள் சாதனைப் பட்டியலில் இடம்பெறும் வகையின அல்ல.

விண்ணிலிருந்து வரும் அளவு

பின்னைய மாற்றங்கள் விரைந்து நிகழ்ந்தவை. அவற்றை விரைந்தே சொல்லலாம். 1977இல் பின்லாந்தில் தொடங்கிய போலார் நிறுவனம் 1982இல் கம்பியற்ற இதயத்துடிப்பு மானியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2000 மே மாதத்தில், பொதுப்பயன்பாட்டிற்கான செயற்கைக்கோள் இடங்காட்டிக் குறிப்புகளில் வேண்டுமென்றே கலந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. 2003இல் கார்மின் நிறுவனத்தின் ஓட்டர் கைக்கடிகாரமும், 2009இல் ஸ்ட்ராவா செயலியும் வந்தன. தமிழகத்தில் இதே காலத்தில் 2006இல் சென்னை ரன்னர்ஸ் அமைப்பும், 2008இல் ஆரோவில் மாரத்தானும் தொடங்கி, பணிபுரியும் நடுத்தர வகுப்பினரை நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு ஈர்த்தன.

இப்போது ஓடுபவர் எழுதுவதில்லை, ஓடினால் எழுதப்படுகிறது. தொலைவும் நேரமும் துடிப்பும் தாமே ஏறுகின்றன. பழைய குறிப்பேட்டில் ‘வெயில்’, ‘தூக்கமில்லை’, ‘இரவுப்பணி’ எனக் கிறுக்கிய ஓரக்குறிப்பு மட்டும் குறைகிறது. செயலிகளில் அதற்கு இடமில்லாமல் இல்லை. கை அங்கே போவதில்லை. விருதுநகர் போன்ற வெப்பமும் வறட்சியும் மிக்க நிலத்தில் இது சிறிய இழப்பன்று. ஒரே வேகத்தில் ஓடினாலும் வெப்பம் ஏறும்போது இதயத்துடிப்பு ஏறும். பங்குனி மாத ஓட்டத்தையும் மார்கழி மாத ஓட்டத்தையும் ஒரே வரைபடத்தில் இட்டு ‘திறன் குறைந்தது’ எனக் காட்டும் கருவி, கணக்கில் பிழை செய்யாமலே பொய் சொல்கிறது.

உரிமை குறித்த வினா இதனினும் கூரியது. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா வெளியிட்ட உலக ஓட்ட வரைபடத்தில், பாலைவனங்களில் இருந்த படைத்தளங்களின் வடிவம் வீரர்களின் காலை ஓட்டத்தால் வெளிப்பட்டது. 2018 சனவரியில் இது உலகச் செய்தியாயிற்று. தமக்கென எழுதிய ஏடு தம்மைப் பற்றிப் பிறருக்கு எழுதிய மடலாகவும் ஆனதை ஓடியவர்கள் அறிந்திருக்கவில்லை. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையைத் தருகிறது. முந்தைய வரைவுகளில் இருந்த, தரவைத் தம்முடன் வேறிடத்திற்கு எடுத்துச்செல்லும் உரிமை நிறைவேறிய சட்டத்தில் இடம்பெறவில்லை. பத்தாண்டு ஓட்டப் பதிவை ஒருவர் அழிக்கச் சொல்லலாம். கையில் தரச் சொல்வது நிறுவனத்தின் விருப்பத்தையே சார்ந்துள்ளது.

உயர்நிலை வீரர்களின் நிலை வேறு. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் உள்ளவர், ஒவ்வொரு நாளும் தாம் இருக்கும் இடத்தையும் சோதனைக்கென 60 நிமிட நேரத்தையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களில் மூன்று முறை தவறினால் அதுவே விதிமீறல். 2009 முதல் வழக்கிலுள்ள உயிரியல் கடவுச்சீட்டு முறை, வீரரின் குருதி அளவுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிகிறது. நேர்மையான போட்டிக்கு இவை தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வடிவ அளவில் இது வழிச்சீட்டுக்கு நெருங்கிய உறவு: எந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தார் என்பதைப் பிறர் கேட்க, ஓடுபவர் விடை சொல்கிறார்.

சான்றுகளின் நிலை

அஞ்சல் துறையின் ஏடுகள் அரசு ஆவணம் என்பதால் ஒரு பகுதி எஞ்சியது. போட்டி முடிவுகள் செய்தித்தாளில் அச்சேறியதால் எஞ்சின. உடற்கல்வி ஆசிரியரின் குறிப்பேட்டிற்கும் மாணவரின் நாட்குறிப்பிற்கும் அத்தகைய காப்பு இல்லை. 1959-60இல் நடுவணரசு தொடங்கிய தேசிய உடல்திறன் இயக்கத்தின் கீழ், ஓட்டம் உள்ளிட்ட தேர்வுகள் நாடெங்கும் நடத்தப்பட்டன. 1992இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் மூன்று தலைமுறை மாணவர் பயின்றுள்ளனர். அவர்களின் நாளாந்தப் பயிற்சி எழுதப்பட்ட தாள்கள், துண்டறிக்கையும் நாட்காட்டிப் படமும் ஆவணமாக மதிக்கப்படும் இக்காலத்தில், நூலகங்களின் கவனத்திற்குரியவை. ஒரு மாவட்டத்தில் பத்துக் குறிப்பேடுகள் கிடைத்தாலும், எவ்வயதில் பெண்கள் ஓட்டத்தை நிறுத்தினர், எந்த மாதங்களில் ஆலைப்பணி பயிற்சியை விழுங்கியது, காலணி எப்போது வந்தது ஆகியவற்றை அறியலாம். பதக்கப் பட்டியல் இவற்றுள் ஒன்றையும் சொல்லாது.

கால நெருக்கடியும் உண்டு. காவலர் தேர்வில் வென்றவரின் பெயர் பட்டியலில் ஏறுகிறது; தோற்றவரின் பெயர் எங்கும் ஏறுவதில்லை. இருவரும் ஓராண்டு எழுதிவந்த குறிப்பேடு, பாடப்புத்தகங்களோடு சேர்ந்து பழைய தாள் கடையில் எடைக்குப் போகிறது. சிவகாசி வட்டாரத்தில் அச்சாகி வந்த தாள், கிலோ கணக்கில் மீண்டும் தாள் ஆலைக்குத் திரும்புகிறது. ‘7.25’, ‘7.18’, ‘கால்வலி’, ‘7.04’ என்பன போன்ற வரிகள் அத்துடன் கூழாகின்றன.